உரையில்லா நூலும் திறவாக் கதவும்

நூல் என்பது ஊருக்குப் பொதுவாக வெட்டப்பட்ட குளம் போன்றது என்று நம்மவர் மேடைதோறும் பேசுவதுண்டு. ஆயினும், நமது பழைய நூல்கள் அவ்வாறு பொதுக்குளமாக இருந்தனவா என்று கேட்டால், நெடுங்காலம் இருந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். அவை ஏட்டிலே இருந்தன. ஏடுகள் மடங்களிலும் வித்துவான்கள் வீடுகளிலும் இருந்தன. அவ்விடங்களில் எவன் நுழையலாம், எவன் நுழையலாகாது என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானித்தது. கடல் கடந்து பால் மரம் வெட்ட வந்த நம் பாட்டன்மாரில் அநேகர் அந்த வாசற்படியை மிதித்தவரல்லர்.

இன்றோ நிலைமை வேறு. கோத்தா கோலா மூடாவிலோ, சுங்கைப் பட்டாணியிலோ, பீடோங்கைச் சூழ்ந்த தோட்டங்களிலோ வாழும் ஒரு மாணவன், தன் கைப்பேசியின் துணைகொண்டு, ஒரு காசும் கொடாமல் திருக்குறளையும் புறநானூற்றையும் மணிமேகலையையும் பெற்றுவிடலாம். இந்நிலை எவ்வாறு வந்தது, இதனால் அவன் அடைந்தது எது, இன்னும் அடையாதது எது என்று ஆராய்தல் நமது கடமையாகும்.

நூல்கள் பொதுவுடைமையானது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. முதற்படி அச்சு. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் வினவியபோது, அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கற்றுத் தேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படித்தவராக இல்லை. பெரும்புலவரே அறியாதபடி நூல்கள் அவ்வளவு மறைந்து கிடந்தன. பின்னர் அவரே 1887-இல் சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார். இரண்டாம் படி உரிமை. 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கிப் பின்பு பொதுமக்களுக்கே உரியதாக்கிற்று. ஒரு கவிஞனுடைய சொல் தனியொருவரின் சரக்காதல் தகாது என்னும் கொள்கை அதனால் நிலைபெற்றது. மூன்றாம் படி இணையம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் விஞ்ஞானியாகிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலுள்ள தமிழர்கள் கூலி பெறாமல் நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தி அதற்கு அளித்து வருகின்றனர். பல நூறு நூல்கள் இவ்வாறு உலகத் தமிழர்க்கெல்லாம் இலவசமாயின.

இத்திட்டத்தின் பெருமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை. மடத்து வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை. சாதி சொல்ல வேண்டியதில்லை. சந்தா கட்ட வேண்டியதில்லை. லயத்து வீட்டில் பிறந்தவனுக்கும் பேராசிரியர் மகனுக்கும் ஒரே புத்தகம் ஒரே விலையில், அதாவது விலையின்றிக் கிடைக்கிறது. சமூகச் சீர்திருத்தம் வேண்டுவோர் எவரும் இதனைப் போற்றியே தீர வேண்டும்.

நிற்க. கிடைத்த நூலை அம்மாணவன் படிக்கிறானா என்பதே அடுத்த கேள்வி. அத்திட்டத்தில் உரையோடு கூடிய நூல்கள் சிலவுண்டு. ஆனால் பழைய இலக்கியங்களிற் பெரும்பாலானவை மூலமாகவே உள்ளன. மூலமோ பெரும்பாலும் சீர் பிரித்துச் சந்தியோடு நிற்பது. பாற்குடம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பேச்சில் அது குழந்தைக்கும் விளங்கும். செய்யுளில் சீருக்காக இரண்டாய்ப் பிளந்து ‘பாற்’ என்று ஓரிடத்தில் நின்றால், அகராதியைப் புரட்டும் மாணவனுக்கு அச்சொல் அகப்படாது. பால் மரத்தின் நிழலிலே வளர்ந்தவனுக்குப் பால் என்னும் சொல்லே ஒளிந்துகொள்கிறது! பத்து வரியில் இருபது சொற்கள் இவ்வாறு ஒளிந்தால் அவன் என் செய்வான்? நூலை மூடிவிட்டுத் தனக்கு அறிவு போதாது என்று எண்ணிக்கொள்வான். முன்னாளில் காவற்காரன் தடுத்தான். இந்நாளில் கடினம் தடுக்கிறது. வெளியே நிற்பவன் மட்டும் மாறவில்லை.

இக்குறை நூலைப் பதிப்பித்த பெரியோர்க்குத் தெரியாததன்று. 1898-இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பே இதற்குச் சான்று. பௌத்தக் கருத்துக்கள் தமிழ்நாட்டில் வழக்கிழந்து போயிருந்தமையால், சாமிநாதையர் ஆங்கிலம் கற்ற மளூர் ரங்காசாரியாரிடம் அவற்றைக் கேட்டறிந்தார். அவ்வாறு அறிந்தவற்றைத் தம்மளவில் வைத்துக்கொண்டாரா? இல்லை. தாமே அரும்பதவுரை எழுதினார். கதைச்சுருக்கமும் புத்தர் வரலாறும் பௌத்த தருமத்தின் விளக்கமும் எழுதி நூலோடு சேர்த்தார். வெறும் மூலத்தைக் கொடுத்தால் கொடுத்ததாகாது என்று அவர் உணர்ந்திருந்தார். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் அவர்களும் பழைய நூல்களைப் பதம் பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். மலிவோடு எளிமையும் வேண்டும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

உரையின்றிப் படிப்பதனால் இழப்பது என்ன? மணிமேகலையின் 27-ஆம் காதையைப் பார்ப்போம். வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளையும் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஒருவன் உண்மையை அறியும் அளவைகள் பத்து என்று எண்ணிக் காட்டுகிறான். ஆசீவகனும் நிகண்டனும் சாங்கியனும் வைசேடிகனும் தத்தம் மதத்தைச் சொல்கின்றனர். ஈற்றில் பூதவாதி வந்து, கண்கூடாகக் காண்பதே மெய், கருதி அறிவது பொய் என்கிறான். அங்ஙனமாயின் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை நீ எவ்வாறு அறிந்தாய் என்ற கருத்துப்பட அப்பெண் வினவுகிறாள். இவ்வொரு வினாவில் ஒரு தர்க்க நூலே அடங்கியிருக்கிறது. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்கள் வாழ்ந்த நாட்டில், ஒரு பெண் அறிஞர் கூட்டத்தைக் கேள்வி கேட்கும் காட்சி இது. பூதவாதிக்குக் காப்பியம் நியாயம் செய்ததா, அவன் பக்கத்தில் சொல்ல வேண்டியது மிச்சமிருந்ததா என்றும் மாணவன் விவாதிக்கலாம். ஆனால் வெறும் மூலத்தைப் படிப்பவன், கலைச்சொற்களின் காட்டில் வழிதவறி, இந்த வினாவை எட்டாமலே திரும்பிவிடுவான்.

இன்னுமொன்று நமது ஊருக்கே உரியது. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்தில் காழகம் என்னும் ஒரு பெயர் வருகிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை கண்டார். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை தாக்கிய கடாரம் இக்கெடா மாநிலமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. மெர்போக்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் அக்காலத்துக் கட்டடங்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. உரையாசிரியர் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பின் வந்தவராதலால், அவர் சொன்னதை ஆராய்ந்து ஏற்பதும் மறுப்பதும் படிப்பவன் உரிமை. ஆயினும் மூடா ஆற்றங்கரையிலிருந்து அப்பாட்டை உரையின்றிப் படிக்கும் மாணவன், தன் சொந்த மண்ணைக் குறித்ததாக இருக்கக்கூடிய ஒரு சொல்லைத் தாண்டிப் போவதையே அறியமாட்டான். இதைவிடப் பெரிய நட்டம் வேறென்ன?

உரைகள் இல்லாமலில்லை. 2001-இல் தமிழ்நாட்டில் நிறுவப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுவது, பழைய நூல்கள் பலவற்றை உரையோடு இலவசமாக வைத்துள்ளது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. மூலம் ஓரிடத்திலும், உரை வேறிடத்திலும், அகராதி மற்றோரிடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் வகையை மாணவனுக்குக் காட்டுவார்தாம் இல்லை.

ஆகவே, நூல்களை மேலும் மேலும் ஏற்றுவது ஒரு பணி. ஏற்றிய நூல்களுக்குப் பதம் பிரித்து, அருஞ்சொற் பொருள் எழுதி, எளிய முன்னுரை சேர்ப்பது மற்றொரு பணி. பின்னதே இப்போது அவசரமானது என்பது நமது துணிபு. அதற்கு அயலூர்ப் பண்டிதரை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு மண்டபம், வாரத்துக்கு ஒரு மாலை, பத்து மாணவர் போதும். மணிமேகலையில் 30 காதைகள். வாரத்துக்கு ஒன்றாக எட்டு மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஒவ்வொரு வாரமும் எழுதிய பொருட்குறிப்பைத் திருத்தி இணையத்திலே பொதுவாக வைத்தால், அடுத்த தோட்டத்து மாணவனுக்கும் அது உதவும்.

தோழர்களே! திருவிழாவுக்கும் விருந்துக்கும் நாம் தாராளமாகச் செலவிடுகிறோம். இதற்கு வேண்டுவது பணமன்று, ஒரு மாலைப்பொழுதே. நம் பாட்டன்மாருக்கு மறுக்கப்பட்ட நூல்கள் இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பொருளுணர்ந்து, கேள்வி கேட்க அவர்களைப் பழக்குவோமாக.