ரக்கூன் ஆற்றின் நைட்ரேட் கணக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரக்கூன் ஆற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று அறிய ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றுக்குள் இருக்கும் உணரிகளே இடைவிடாமல் அளந்து சொல்கின்றன. அளவீட்டில் குறை காண்பது கடினம். குறை வேறிடத்தில் இருக்கிறது.

ஆற்றைச் சுற்றி ஒருகாலத்தில் உயர்ந்த புல்லும் சதுப்புமாகக் கிடந்த பூமி அது. மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்து, நீரை வடித்து, மக்காச்சோளமும் சோயாவும் விதைத்தார்கள். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. மழைநீரில் கரைந்து குழாய் வழியே ஓடைக்குப் போய்விடும். கீழே அந்த ஆற்றை நம்பியிருக்கிறது டி மாய்ன் நகரம். குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதால், நகரக் குடிநீர் வாரியம் 1990களின் தொடக்கத்திலேயே நைட்ரேட் நீக்கும் ஆலை கட்டியது.

தொடர் அளவீட்டின் அருமையை 2012 வறட்சி காட்டியது. வாடிய பயிர் எடுக்காத உரம் மண்ணிலேயே தங்கி, 2013 வசந்த மழையில் மொத்தமாக ஆற்றில் இறங்கியது. ஓராண்டு அளவு குறைந்ததும் நைட்ரேட் குறைப்புத் திட்டம் வென்றதாகக் கொண்டாடுவோர் இதை மறக்கக்கூடாது. ஆனால் ஆற்றில் வைத்த உணரி எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எந்த வயலிலிருந்து என்று சொல்லாது.

நிர்வாகம் ஒளிந்துகொள்வது இந்த இடைவெளியில்தான். 2013இல் வந்த மாநிலத் திட்டம் நைட்ரஜனை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. அதில் 41 வயல்கள் போன்ற பரவலான மூலங்களின் பங்கு, 4 நகரங்கள், ஆலைகளின் பங்கு. சின்னப் பங்குக்கு உரிமக் கட்டாயம். பெரிய பங்கு உழவரின் விருப்பம். கட்டாயம் வேண்டாம் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தப் பகுதியின் கரிய மண்ணே மட்கிய பொருளிலிருந்து நைட்ரேட்டை வெளியிடும். உரத்தை மட்டும் குறைத்தால் போதாது. மூடுபயிர், வடிநீரிலிருந்து நைட்ரேட்டை நீக்கும் மரச்சில்லுப் படுகை, ஈரநிலம் எல்லாம் பலன் தருபவை. ஆனால் பெருஞ்செலவு வயல்காரருக்கு, பலன் கீழேயுள்ள நகரத்துக்கு. இந்தக் கணக்கில் விருப்பம் எவ்வளவு தூரம் போகும்?

2015இல் குடிநீர் வாரியம் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது. வடிகுழாயும் ஆலைக் கழிவுக்குழாய் போன்றதே என்பது வாதம். 2017இல் வழக்கு தள்ளுபடியானது. அந்த அமைப்புகளுக்கு மாசைத் தடுக்க அதிகாரமில்லை என்பதே காரணம்; குழாய் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2023இல் மாநிலச் சட்டமன்றம் உணரிகளுக்கான நிதியிலும் கைவைத்தது. 2025 ஜூனில் நைட்ரேட் ஏறியபோது, நகரவாசிகள் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தது. கட்டாயம் கடைசியில் அவர்கள் மேல்தான் விழுந்தது!

அடுத்த உணரிகளை ஆற்றில் வைப்பதைவிட வடிகால் வாய்களில் வைக்கலாம். வடிகாலைப் பராமரிக்க நில உரிமையாளரிடம் வரி தண்டும் அதிகாரம் அந்த அமைப்புகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஓடுவதை அளக்கும் கடமையையும் சட்டம் சேர்க்க வேண்டும்.