வெனிஸ் மன்றத்தில் கிடைக்காத நீதி

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தைப் பள்ளிப் பாடமாகவோ ஆண்டு விழா மேடையிலோ நம்மில் பலர் அறிந்திருப்போம். சட்டத்தின் கொடுமையை இரக்கம் வென்ற கதை என்றே அது நமக்குச் சொல்லித் தரப்பட்டது. 1600-ஆம் ஆண்டில் அச்சேறிய அந்நாடகத்தின் நான்காம் அங்கத்தை ஊன்றிப் படிக்கையில், அப்பாராட்டை அப்படியே ஏற்க நமக்கு இயலவில்லை. அந்த மன்றத்தில் சட்டம் பேசுகிறது, இரக்கமும் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் முன்னே வந்து நிற்க வேண்டிய நேர்மை நெறி மட்டும் அங்கு வாய் திறக்கவேயில்லை.

வழக்கை நினைவுகூர்வோம். பசானியோ தன் நண்பன் அந்தோனியோவைப் பிணை வைத்து, யூதனாகிய ஷைலக்கிடம் 3000 டக்கட் பணத்தை மூன்று மாதத் தவணையில் கடன் பெறுகிறான். தவறினால் அந்தோனியோவின் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதை என்பது பத்திரம். தவணை தவறுகிறது. ஷைலக் சதையைக் கேட்கிறான். ஆண் வேடத்தில் சட்ட அறிஞராக வரும் போர்ஷியா, முதலில் இரக்கம் காட்டுமாறு அவனை வேண்டுகிறாள். அவன் மறுக்கவே, சதையை அறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்தக் கூடாது என்கிறாள். வழக்கு தலைகீழாகிறது.

நேர்மை நெறி என்று நாம் குறிப்பது யாது? சட்டம் எல்லாருக்கும் பொதுவாகப் பேசுகிறது. வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளாக வருகிறது. சட்டம் இயற்றியவர் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேரும்போது, அவர் அங்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதன்படி சட்டத்தைத் திருத்திப் பொருள் கொள்வதே அந்நெறி என்றார் அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் கல்லின் வடிவுக்கேற்ப வளையும் ஈய அளவுகோலைப் பயன்படுத்தியதை அவர் இதற்கு உவமை காட்டினார். புனித தோமா அக்குவினாஸ் இதனை மேலும் தெளிவாக்கினார். அடைக்கலமாகப் பெற்ற பொருளைத் திருப்பித் தருவது கடமை. ஆயினும், வாளை ஒப்படைத்தவன் மதிமயங்கிய நிலையில் வந்து கேட்டால் அதைக் கொடுப்பது நீதியாகாது. இவ்வாறு முடிவெடுப்பது நீதிக்குப் புறம்பான சலுகையன்று, நீதியின் பகுதியே என்பது அவருடைய போதனை.

இங்கிலாந்தில் இதற்கெனச் சான்ஸரி என்னும் தனி நீதிமன்றமே இருந்தது. 1529 முதல் 1532 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் புனித தாமஸ் மோர். பிற நீதிமன்றங்களின் கடுமையான தீர்ப்புகளை அவர் தடையாணையால் நிறுத்தியபோது நீதிபதிகள் முறுமுறுத்தனர். அவர்களை விருந்துக்கு அழைத்துத் தம் காரணங்களை விளக்கிய அவர், சட்டத்தின் கடுமையை நீங்களே தணித்தால் நான் தடையாணை பிறப்பிக்க மாட்டேன் என்றாராம். அவர்கள் உடன்படவில்லை. அவருடைய மருமகன் ரோப்பர் எழுதிய வரலாறு தரும் செய்தி இது.

இந்நெறியின்படி ஷைலக்கின் வழக்கில் தீர்ப்பு எளிது: கடனும் நியாயமான இழப்பீடும் அவனுக்கு உரியவை, சதை உரியதன்று. நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், பத்திரத்தில் எவ்வளவு தண்டம் எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே தரச் சொல்கிறது.

போர்ஷியா இவ்வழியில் செல்லவில்லை. பத்திரம் செல்லும், வெனிஸின் சட்டத்தை மாற்றினால் அதுவே தீய முன்மாதிரியாகும் என்கிறாள். இவ்வச்சம் வெறுமையானதன்று. எனினும் ஈய அளவுகோல் வளைந்தாலும் அளவுகோலாகவே இருக்கிறதன்றோ? எழுத்தை எழுத்தாலேயே வெல்ல அவள் முனைகிறாள். சதையை அறுக்க உரிமையுண்டு, இரத்தத்துக்கு இல்லை என்பது சொற்சாதுரியம். பின்னர், அசலையாவது தாருங்கள் என்று ஷைலக் கேட்கிறான்; பசானியோவும் கொடுக்க முன்வருகிறான். போர்ஷியாவோ தடுக்கிறாள். நேர்மை நெறி அவனுக்குத் தந்திருக்கக் கூடிய அந்த ஒன்றையும் அவள் மறுக்கிறாள். அவள் பசானியோவின் புது மனைவி என்பதை அந்த மன்றம் அறியாது, நாம் அறிவோம்.

இறுதியில் அயலாருக்கென உள்ள ஒரு சட்டத்தால் ஷைலக்கின் உயிரும் உடைமையும் பறிபோகும் நிலை வருகிறது. உயிரை விடுகிறார்கள். அந்தோனியோ கேட்டபடி, அவன் கிறிஸ்தவனாக வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கிறார்கள். இதற்கு நாடகம் இட்ட பெயர் இரக்கம். கிறிஸ்தவர்களாகிய நாம் இவ்விடத்தில் கைதட்டக் கூசவேண்டும். மனச்சான்றுக்கு எதிராக எவரையும் விசுவாசத்தைத் தழுவுமாறு வற்புறுத்தலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் உரைத்தது. 1983-இன் திருச்சபைச் சட்டமும் (748) அதையே ஆணையிடுகிறது. தண்டனையாகத் தரப்படும் திருமுழுக்கு அருளின் அடையாளமாவது எங்ஙனம்?

இன்புற முடியும் நாடகத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா எனச் சிலர் கேட்கலாம். ஆனால் ஆசிரியரே இக்கேள்விக்கு இடம் வைத்திருக்கிறார். உங்கள் வீடுகளில் அடிமைகள் உள்ளனரே, அவர்களை விடுவிக்கச் சொன்னால் விடுவிப்பீர்களா என ஷைலக் அதே மன்றத்தில் வினவுகிறான். விடை சொல்வார் ஒருவருமில்லை. அந்த மௌனத்தில் வெனிஸின் நீதி அளந்து காட்டப்படுகிறது.

இரக்கம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; நேர்மையோ பெறுபவரின் உரிமை. உரிமையைச் சலுகையாக்கும்போது, உரியவரைக் கையேந்த வைக்கிறோம். வேலைக்காரருக்குச் சேர வேண்டிய கூலியைத் தருமம்போல் தரும் வீடுகளிலும் நிகழ்வது இதுவே. இனி நம் பள்ளி மேடையில் இந்நாடகம் ஏறுமானால், திரை விழுந்தபின் மாணவர்களிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: நீங்கள் நீதிபதியாயின் அந்தோனியோவுக்கு என்ன கொடுப்பீர்கள்? ஷைலக்குக்கு என்ன கொடுப்பீர்கள்?