நொய்யல் கரையில் பூஞ்சை: எது முடியும், எது முடியாது

சாயக் கழிவுநீரில் கலந்திருக்கும் கன உலோகங்களைப் பூஞ்சையைக் கொண்டு பிரித்துவிடலாம் என்ற பேச்சு கொங்கு மண்டலத்துக்குப் புதிதல்ல. கழிவு ஊறிய மண்ணிலிருந்து அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளைப் பிரித்து வளர்த்து, அவை எவ்வளவு செம்பை, குரோமியத்தை உறிஞ்சுகின்றன என்று அளக்கும் ஆய்வேடுகள் இங்குள்ள கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. செலவு குறைவு, இயற்கையானது, நம்பத்தக்கது என்று அவை முடிகின்றன. ஆனால் ராயபுரம், வீரபாண்டி, மண்ணரை என்று திருப்பூரைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் சாயத்தொழிலில் பூஞ்சை இன்னும் முதன்மையான இடத்தைப் பிடிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் புதுமையை ஏற்க மறுக்கிறார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது அநியாயம். உண்மைக் காரணம் தண்ணீரில் இருக்கிறது.

முதலில் பூஞ்சையின் பலத்தைப் பார்ப்போம். அதன் செல்சுவரில் கைட்டின், கைட்டோசான், குளுக்கான் ஆகியவை நிறைந்துள்ளன. அவற்றிலும் கூடவே உள்ள புரதங்களிலும் இருக்கும் அமீன், கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. இதற்குப் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டியதில்லை. செத்து உலர்ந்த பூஞ்சைத்தூளும் இந்த வேலையைச் செய்யும். அதற்குத் தீனி வேண்டாம், நஞ்சாலும் அது சாகாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செசோஸ், வொலெஸ்கி இருவரும் 1981இல் ரைசோபஸ் அர்ரைசஸ் என்ற பூஞ்சையின் செத்த உடலைக் கொண்டு யுரேனியத்தையும் தோரியத்தையும் பிடித்துக் காட்டினார்கள். இந்தத் துறையின் பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். சிட்ரிக் அமில ஆலைகளும் ஆன்டிபயாட்டிக் ஆலைகளும் கழிவாக ஒதுக்கும் பூஞ்சையே மூலப்பொருளாகும் என்பதும், பிடித்த உலோகத்தை நீர்த்த அமிலத்தால் கழுவி எடுத்துவிட்டு அதே தூளை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதும் கூடுதல் நன்மைகள்.

இன்னொரு பலம், உலோகம் மிகக் குறைவாக இருக்கும் தண்ணீரிலும் இது வேலை செய்வது. உலோகம் நிறைய இருந்தால் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்குவதே மலிவு. ஆனால் அதற்குப் பிறகும் எஞ்சும் சில மில்லிகிராமை எடுக்கச் சுண்ணாம்பு திணறும். நம் நாட்டு விதிகளின்படி, நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்குச் செம்பு 3 மில்லிகிராமையும், அறுமதிப்புக் குரோமியம் 0.1 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. கடைசியாக எஞ்சும் இந்தச் சிறு அளவைப் பிடிப்பதில்தான் பூஞ்சை கைகொடுக்கும். அமிலத்தன்மையுள்ள நீரில் அறுமதிப்புக் குரோமியத்தை நஞ்சு குறைந்த மும்மதிப்பு நிலைக்கு அது மாற்றவும் செய்கிறது. குரோமேட் தொழிற்சாலைக் கழிவு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய ராணிப்பேட்டை போன்ற ஊருக்கு இது நேரடியாகப் பொருந்தும் குணம்.

திருப்பூரின் நோய் வேறு. இங்கே ஓடுவது பருத்திப் பின்னலாடை. போடுவது ரியாக்டிவ் சாயம். சாயம் நூலில் ஏற வேண்டுமானால், ஷேடைப் பொறுத்து, லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு கொட்ட வேண்டும். நூலில் ஒட்டாத சாயம் கழுவுநீரோடு போகிறது. உப்போ முழுவதுமே போகிறது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் நொய்யல் ஆற்றில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகி, கீழே இருந்த வயல்களையும் கிணறுகளையும் உவராக்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. நீதிமன்ற உத்தரவுகள் நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த விவசாயிகளின் முதல் எதிரி நீரில் கரைந்த உப்பு. பூஞ்சையின் முதல் குறை இங்கேதான்: அது சோடியத்தைப் பிடிக்காது. குளோரைடையும் சல்பேட்டையும் பிடிக்காது. உலோகம் முழுவதையும் எடுத்துவிட்டாலும் அந்தத் தண்ணீரில் நெல்லோ மஞ்சளோ விளையாது. உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கும் எவாப்பரேட்டருக்கும் மாற்றாகப் பூஞ்சையை முன்வைப்பவர்கள் விவசாயிக்கு உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டாவது குறை ஆய்வுமுறையில் இருக்கிறது. பல சோதனைகள் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஓர் உலோக உப்பைக் கரைத்து, பி.எச். 5 அளவில் நடத்தப்படுகின்றன. சாயப்பட்டறைக் கழிவோ சோடாவும் காஸ்டிக்கும் கலந்து, பி.எச். 9க்கு மேல், சூடாக வருகிறது. அதை அமிலத்தால் இறக்கினால் இன்னும் உப்பு சேரும். தண்ணீரின் கடினத்தன்மையை அடக்கப் போடும் சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் செம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூஞ்சைக்கு விடாது. கால்சியமும் மெக்னீசியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். இதோடு இன்னொரு முரண்பாடும் உண்டு. ரியாக்டிவ் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது. கடும் அமில நிலையில்தான் பூஞ்சையில் நன்றாக ஒட்டும். நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிக்கு மிதமான அமில நிலை வேண்டும். ஒரே தொட்டியில் நிறத்தையும் உலோகத்தையும் சேர்த்து எடுப்போம் என்ற வாக்குறுதி இங்கே உடைந்துபோகிறது.

மூன்றாவதாக, திருப்பூர் நீரில் உலோகம் எந்த உருவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். டர்க்காய்ஸ் நீலம் தரும் சாயங்களில் செம்பு தனி அயனியாக இல்லை. தாலோசயனின் மூலக்கூறின் நடுவே பூட்டப்பட்டிருக்கிறது. வெண்ணழுகல் பூஞ்சைகளின் நொதிகள் அந்த மூலக்கூறை உடைக்க வல்லவை. உடைந்தால் நிறம் போகும். பூட்டியிருந்த செம்பு வெளியே வரும். ஃபெனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையைக் கொண்டு 1990களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. நீர் தெளிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து மகிழும் அந்த நேரத்தில்தான் அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும்.

நான்காவது குறை எல்லாவற்றையும்விட எளிதாக மறக்கப்படுகிறது. உலோகம் அழிவதில்லை, தண்ணீரிலிருந்து பூஞ்சைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நிறைந்துபோன பூஞ்சைத்தூள் அபாயகரமான கழிவு. ஏற்கெனவே கசடையும் கலவை உப்பையும் எங்கே கொண்டுபோவது என்று தவிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அது இன்னொரு மூட்டை. உரமாகப் போடலாம், காளான் விளைவிக்கலாம் என்று சிலர் சொல்வது ஆபத்து. பல காளான்கள் காட்மியத்தைத் தம் உடலில் சேர்த்துவைக்கும் இயல்புடையவை.

அப்படியானால் பூஞ்சைக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது; இடம்தான் மாற வேண்டும். எல்லாக் கழிவும் கலந்துவிட்ட பொதுத் தொட்டியில் அதைப் போடுவதில் பயனில்லை. டர்க்காய்ஸ் போன்ற செம்புச் சாயம் ஓடும் மெஷினின் கழிவை மட்டும் தனியே பிரித்து, முதலில் நொதியால் உடைத்து, வெளிவரும் செம்பை அடுத்த தொட்டியில் பூஞ்சைத்தூளால் பிடிக்கலாம். அளவு சிறியது என்பதால் செலவும் கட்டுக்குள் இருக்கும்; செம்பு பின்னால் வரும் கசடில் கலக்காது. இதற்கான பொருளும் பக்கத்திலேயே கிடைக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சிப்பிக்காளான் ரகங்கள் கொங்கு நாட்டில் பரவலாக வளர்க்கப்படுகின்றன. சிப்பிக்காளானும் வெண்ணழுகல் பூஞ்சைதான். அறுவடை முடிந்து கிடக்கும் படுக்கையில் சாயத்தை உடைக்கும் லாக்கேஸ் நொதி மிஞ்சியிருக்கும். அந்தப் படுக்கைக்கு ஏற்ற பஞ்சுக்கழிவுக்கு இந்த ஊரில் குறைவில்லை.

ஆனால் அந்த இடத்தையும் சோதனையில் வென்றுதான் பெற வேண்டும். பட்டறையிலிருந்து வரும் அசல் கழிவுநீரில், பூஞ்சைத்தூள் நிரப்பி நாள்கணக்கில் ஓடும் குழாயில் சோதிக்க வேண்டும். நிறம் மட்டுமின்றி, வெளியேறும் செம்பையும் நச்சுத்தன்மையையும் அளக்க வேண்டும். அமிலம், மறுகழுவல், செலவழிந்த தூளை அகற்றுதல் ஆகிய எல்லாம் சேர்ந்த செலவைச் சுண்ணாம்பின் செலவோடு ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கு இல்லாமல் மலிவானது என்று எழுதப்படும் முடிவுரைக்கு அடிப்படை கிடையாது.

பூஞ்சை நல்ல துணைக்கருவி. உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஏற்பாட்டோடு, ஒரு குறிப்பிட்ட உலோகத்துக்காக, குறிப்பிட்ட குழாயில் வைத்தால் அது பயன்தரும். அந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக வைத்தால், நொய்யலை இன்னொரு முறை கெடுப்பதற்கு அறிவியலின் பெயரால் அனுமதி கொடுத்ததாகும். ஆற்றங்கரை விவசாயிகள் ஏற்கெனவே போதுமான அளவு விலை கொடுத்துவிட்டார்கள். நிரூபிக்கப்படாத வாக்குறுதிக்கும் அவர்களையே விலை கொடுக்கச் சொல்லக்கூடாது.