ஜூலையில் பிறந்த குற்றம்

நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கும் இப்போது நடத்தை மதிப்பீட்டுத் தாள் வந்துவிட்டது. ‘இடத்தில் உட்காருவதில்லை’, ‘தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லை’ என்று வரிசையாக இருக்கும். எதிரே நான்கு கட்டங்கள். டீச்சர் டிக் அடிக்க வேண்டும். டிக் அதிகமானால் பெற்றோருக்கு அழைப்பு போகும். ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த குறைபாடு) இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் சரிசெய்யலாம் என்பது பள்ளிகள் சொல்லும் நியாயம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்று முதல் ஐந்து வயதில் அறிகுறிகள் கடுமையாக இருந்த அமெரிக்கப் பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. அவர்களில் 89 சதவீதம் பேரை அந்தக் குறைபாடு விடவில்லை. அப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு உரிய பயிற்சி சீக்கிரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் மருத்துவர்கள் பல கட்டமாகச் சலித்தெடுத்தவர்கள். டிக் எண்ணிக்கையை வைத்துப் பிடித்தவர்கள் அல்லர்.

தாளின் கோளாறு ‘அடிக்கடி’ என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஏ.டி.எச்.டி.க்குச் சொல்லும் 18 அறிகுறிகளிலும் அந்தச் சொல் உண்டு. எதை வைத்து அடிக்கடி? டீச்சருக்குத் தெரிந்த அளவுகோல் பக்கத்து நாற்காலிக் குழந்தைதான்.

பக்கத்து நாற்காலியில் யார்? தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் மூன்று வயது நிரம்பியிருந்தால் எல்.கே.ஜி.யில் சேரலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஜூலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு இரண்டு வயது பத்து மாதம். அடுத்ததற்கு மூன்று வயது பத்து மாதம். சின்னவன் பிறந்து வளர்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த இடைவெளி.

‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்’ என்று இன்று எல்லாரும் பேசும், தன்னைத் தானே கட்டுப்படுத்தி நடத்தும் திறன் வேகமாக வளர்வதும் அந்த வயதில்தான். உளவியலாளர் ஃபிலிப் செலாஸோவின் சீட்டு விளையாட்டில் அதைக் கண்ணால் பார்க்கலாம். முயலும் படகும் சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும். முதலில் நிறம் பார்த்து அடுக்கச் சொல்வார்கள். பிறகு உருவம் பார்த்து. மூன்று வயதுக் குழந்தையிடம் புது விதியைக் கேட்டால் சரியாகவே சொல்லும். கை மட்டும் பழையபடி நிறத்தைத் தேடிப் போகும். நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் மாற்றி அடுக்கிவிடுகின்றன. ‘உட்காரு’ என்றால் புரிந்தும் உட்காராத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்பவர்கள் இந்த விளையாட்டை ஒருமுறை பார்க்கலாம்.

பிறந்த மாதம் நோயாகப் பதிவாகும் என்பது வெறும் ஊகமல்ல. செப்டம்பர் 1ஐ வயது வரம்பாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகளில் 10,000க்கு 85.1 பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்டிருந்தது. வகுப்பிலேயே மூத்தவர்களான செப்டம்பர்ப் பிள்ளைகளில் அது 63.6தான். ஆஸ்துமாவிலும் நீரிழிவிலும் இந்த வேறுபாடு இல்லை. அவர்களாவது பள்ளி வயதுப் பிள்ளைகள். இங்கே தாள் நீட்டப்படுவது மூன்று வயதுக்காரர்களுக்கு!

வயதுக்கேற்ற அட்டவணைகளோடு வரும் தரமான தாள்களும் உண்டே என்பார்கள். உண்டு. அவை கூட்டுத்தொகையைத் திருத்தும். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று டிக் அடித்த டீச்சரின் கண்ணைத் திருத்தாது. அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்க்க எத்தனை பள்ளிகளுக்குப் பொறுமை இருக்கிறது?

தாள் இருந்தே தீர வேண்டுமென்றால், பெயருக்குப் பக்கத்தில் வயதை மாதக் கணக்கில் எழுதட்டும். ஒரே காலாண்டில் பிறந்த பிள்ளைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி நிரப்பட்டும். அதற்குப் பிறகு பெற்றோரை அழைக்கலாம். இன்று நடப்பதோ வேறு. தாள் கோப்பில் ஏறி, ஜூலைப் பையனுக்கு முன்பே யு.கே.ஜி. டீச்சரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.