யார் யாருக்குச் சகா?

சாவை அள்ளுகிறவனின் மனசைப் பற்றி நம்மிடம் உள்ள பிரதிகள் மிகக் குறைவு. செத்தவனைப் பற்றி உண்டு. கொன்றவனைப் பற்றி உண்டு. அள்ளி, கழுவி, புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனவன் அன்று ராத்திரி தூங்கினானா என்ற கேள்வியை இப்போது வேறு ஆட்கள் கையிலெடுத்திருக்கிறார்கள்: மனநல மருத்துவர்கள், அரசுத் துறைகள், உலக நிறுவனங்கள். அவர்களுடைய கையேடுகளையும் பிரதிகளாகவே வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த மனிதனை மனசில் வைத்து இவை எழுதப்படுகின்றன?

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடுவோம். தீயணைப்புக்காரர், ஆம்புலன்ஸ்காரர், போலீஸ்காரர் என ஆபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய் நிற்கிறவர்களுக்கு மனசில் விழும் அடியை, அதே வேலை பார்க்கிற இன்னொருவர் உட்கார்ந்து கேட்டு ஆற்றுவது. சகா வழி உதவி என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி மிச்சல் 1983இல், கோர நிகழ்வுக்குப் பின் குழுவாக உட்கார்ந்து பேசும் முறை ஒன்றை எழுதினார். பல நாடுகளுக்கு அது பரவியது. 2002இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு அதன் மேல் கேள்வி வைத்தது. நடந்ததையெல்லாம் ஒரே தடவையில் கொட்டச் சொல்வதால் பின்னால் வரும் பாதிப்பு தடுக்கப்படவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்றது. பிரிட்டிஷ் ராயல் மரைன் படைப்பிரிவில் 'டிரிம்' என்றொரு முறை வளர்ந்தது. பயிற்சி பெற்ற சக வீரரே மூன்று நாள் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் வந்து பேசிப் பார்ப்பார். உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. பேசு என்று வற்புறுத்தாதே, கூட இரு, தேவைப்படும் உதவியோடு சேர்த்துவிடு.

நல்ல சங்கதிதான். இதோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை 'சகா' என்ற அந்த ஒரு சொல்லோடு.

தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னக்காயல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றது. ஆற்றின் கடைசிப் பகுதி முழுக்க வெள்ளக்காடு. மாவட்டத்து மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து ஊர்களுக்குள் இறக்கி ஆட்களைத் தூக்கினார்கள். தண்ணீர் வடிந்தபின் சகதியையும் செத்த ஆடுமாடுகளையும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியில் கொண்டுவந்தார்கள்.

நிவாரண வேலையாக அந்தப் பக்கம் திரிந்தபோது நான் பார்த்த வித்தியாசம் இது. மீனவர்களுக்குக் கரை இருக்கிறது. வலையைச் சரிபார்த்துக்கொண்டே, எந்த வீட்டு மாடியில் யார் கத்தினார்கள், எந்த இடத்தில் படகு மரத்தில் முட்டியது என்று பேசிப் பேசி அந்த நாளைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருப்பவனை "என்னல, கம்முனு இருக்க?" என்று இழுத்துவிட ஆள் இருந்தது. யாரும் திட்டம் போடாமலே நடக்கிற சகா வழி உதவி அது. 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் மருத்துவமனை வைத்து நடத்திய ஊர். அடுத்தவன் நோவைக் கேட்பது அந்தக் கரைக்குப் புதிதில்லை.

லாரியில் வந்தவர்களுக்குக் கரை இல்லை. விடிகாலையில் இறக்கிவிடப்பட்டார்கள், ஊர் ஊராகப் பிரிக்கப்பட்டார்கள், வேலை முடிந்ததும் ஏற்றிப் போகப்பட்டார்கள். ஒரு அம்மா சொன்னார்: "கண்ண மூடுனா வாடை வருது தம்பி. சோப்புப் போட்டு எத்தன மட்டம் கழுவியாச்சி, போவ மாட்டேங்கு. யார்ட்ட சொல்ல?" இரண்டு கூட்டமும் ஒரே வெள்ளத்தில்தான் நின்றது. 2020 தொற்றுக் காலத்தில் 'முன்களப் பணியாளர்' என்ற சொல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. பந்தி பேச்சோடு சரி. மருத்துவருக்கும் மலக்குழிக்காரருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இருவரும் சகாவாகிவிட மாட்டார்கள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை எம்.ஏ.வில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அச்சம் வேறு, இளிவரல் வேறு என்று அது பிரிக்கிறது. இளிவரல் பிறக்க முதுமை, நோய், துன்பம், நலிவு என நான்கு களம் சொல்கிறது. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைய கையேடுகள் பெரிதும் அச்சத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. ஒரு விபத்து, ஒரு அதிர்ச்சி, அதற்கு முன் நன்றாக இருந்த ஒரு மனசு. நம் ஆளுக்கு விழும் அடியோ இளிவரலின் கணக்கு. அழுகிய உடம்பைத் தூக்கியது ஒரு அடி. தூக்கியபின் கைகழுவத் தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்றினார்களே, டீயைத் தனித் தம்ளரில் கொடுத்தார்களே, அது இன்னொரு அடி. முதல் அடிக்கு ஒரு மாதக் கணக்கு இருக்கிறது. இரண்டாவது அடி பிறந்ததிலிருந்து விழுகிறது.

அரசு இந்த உதவியை யாருக்குக் கொடுத்தது? 2018இல் தமிழக அரசு பெங்களூரு நிம்ஹான்ஸோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. காவலர்களிலிருந்தே பயிற்றுநர்களை எடுத்தார்கள், குடும்பத்தாரையும் சேர்த்தார்கள். முறைப்படி பார்த்தால் சரியான சகா வழி ஏற்பாடு. இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல்நிலையச் சித்திரவதையில் செத்தபோது, காவலரின் மன அழுத்தம் பற்றியும் பேச்சு எழுந்தது. லத்தி பிடித்த கைக்கு மனசு உண்டு என்று அரசுக்கு உடனே புரிகிறது. துடைப்பம் பிடித்த கைக்கு அதே 2020இல் கிடைத்தது ஒரு பெயர் மாற்றம். துப்புரவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆனார். காவலருக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. யாருடைய மனசு செலவுக் கணக்கில் ஏறுகிறது, யாருடையது வாழ்த்துரையில் முடிகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் செத்தார்கள். உடல்களை அள்ள மற்ற ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் தலித்துகள். மனித உரிமை அமைப்புகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. உயிர் பிழைத்தவர்களுக்கு ஆறுதல் சொல்லப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கரையெங்கும் போனார்கள். சென்னையில் 'சினேகா' தொண்டர்கள் உறவுகளை இழந்தவர்களைத் தேடிப் போனார்கள், பலன் இருந்தது என்று எழுதியும் வைத்தார்கள். அள்ளியவர்களுக்கு? மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் அறிந்த சிகிச்சை ஒன்றுதான், குவாட்டர். குடிக்காமல் இந்த வேலைக்கு இறங்க முடியாது என்பதை இவர்களில் யாரும் ஒளித்துச் சொல்வதில்லை. அந்தக் குடியையே காட்டி 'குடிகாரப் பயலுவ' என்று சொல்ல ஊர் இருக்கிறது. 2003இலிருந்து சில்லறையில் ஊற்றிக் கொடுப்பதும் அரசுதான்.

மலக்குழிச் சாவுகளை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒருவன் இறங்கி மயங்குகிறான், அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான், அவனும் போகிறான். 2020 ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் கீழசெக்காரக்குடியில் ஒரே இடத்தில் 4 பேர் செத்தார்கள். இந்த நாட்டின் மலக்குழியில் முதல் மீட்பாளன் தீயணைப்புக்காரன் அல்ல, கூட வேலை பார்த்தவன். சகா என்ற சொல்லுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? உச்ச நீதிமன்றம் 2014இல் இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் ஆக்கியது. மேலே கயிறு பிடித்து நின்று, எல்லாவற்றையும் பார்த்து உயிரோடு இருப்பவன் எந்தத் தொகையிலும் வருவதில்லை. மறுநாள் அவன் வேறொரு குழிக்குப் போகிறான்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். தகழியின் 'தோட்டியின் மகன்' 1947இல் மலையாளத்தில் வந்தது, சுந்தர ராமசாமி தமிழாக்கினார். எழுதியவரும் பெயர்த்தவரும் அந்த வாளியைச் சுமந்தவர்கள் அல்லர். ஆனால் அதில் வரும் இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் நம்ம திருநெல்வேலிப் பெயர்கள். சுடலைமுத்து தன் மகனைத் தோட்டியாக்கக் கூடாது என்ற கனவில் கூட்டத்திலிருந்து விலகுகிறான், சங்கத்துக்குத் துரோகம் செய்கிறான். வழக்கமாக இதை வர்க்கத் துரோகத்தின் கதையாக வாசிப்பார்கள். எனக்கு அது சகாக்களை இழந்தவன் கொள்ளைநோய்க்கு நடுவே தனியாக நிற்கும் கதையாகவும் படுகிறது. யாரிடமும் சொல்ல முடியாத கனவு அவனை உள்ளிருந்தே தின்கிறது. இந்த இடத்தில் நாவல் பல கையேடுகளைவிடக் கூடுதலாக அறிந்திருக்கிறது.

பின்னால் வந்த ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003), திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படங்களில் தொழிலாளர்களே பேசினார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' முதலாக நாம் கட்டியெழுப்பியதும் சாட்சிய இலக்கியம்தான். அதன் வலிமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாட்சியம் பெரும்பாலும் வெளியே பார்த்துப் பேசுகிறது. வெட்கப்பட வேண்டிய சமூகத்தின் முகத்துக்கு நேரே பேசுகிறது. அப்படிப் பேசுகிறவன் நேராக நிற்க வேண்டியிருக்கிறது, உடைந்துபோக அனுமதி இல்லை. உள்ளே திரும்பி, தன்னைப்போன்ற இன்னொருவனிடம் 'எனக்கு ராத்திரி பயமாருக்குல' என்று சொல்லும் பேச்சு வேறு. அதற்குக் கேமரா ஆகாது, பத்திரிகையும் ஆகாது. இந்தப் பத்திரிகை உட்பட. முதல் பேச்சை முப்பது வருஷமாக வளர்த்திருக்கிறோம். இரண்டாவதற்கு இடம் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை டாஸ்மாக் பார் எடுத்துக்கொள்ளும்.

2022இல் தொடங்கிய டெலி மனாஸ் எண் 14416 இருக்கிறது. இருக்கட்டும், அவசரத்துக்கு உயிரைக் காக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் வாடை தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எட்டுமா? அதை அறிந்தவர் பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பவர்தான். அவருக்குக் கேட்கப் பழக்கிக்கொடுக்கலாம். யாரையும் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது. சொன்னதை வெளியே கொண்டுபோகக் கூடாது. தூக்கமும் குடியும் கோபமும் வாரக்கணக்கில் திருந்தாவிட்டால் மருத்துவரிடம் கூடப் போகவேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. மேஸ்திரி அந்த இடத்தில் இருக்கக் கூடாது, அது வேண்டும். குத்தகைக்கு இன்று இங்கும் நாளை அங்கும் என்று ஆட்களைச் சிதறடிக்காத நிரந்தர வேலை வேண்டும். ஏனெனில் தினம் மாறுகிற கூட்டத்தில் சகா உருவாக மாட்டான். ஆகவே இந்த மனநலக் கோரிக்கை சங்கக் கோரிக்கைக்கு மாற்று அல்ல, அதன் உள்ளே இருப்பது.

சம்பளம், கையுறை, நிரந்தரம் என்று நாம் எழுதும் அடுத்த மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்: வாரத்தில் ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள், கூலி பிடிக்காமல், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு அறை.