படியாமல் இயற்றிய சட்டம்
ஜான் வாஷிங்டன் பட்லரின் பொதுவாழ்வு: ஒரு மதிப்பீடு

சட்டமன்றத்தில் இரண்டே தவணைகள் அமர்ந்தெழுந்த ஒருவரின் பெயர் நூறாண்டு கடந்தும் வழங்கி வருவது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் வாஷிங்டன் பட்லருக்கு (1875–1952) அது வாய்த்தது. அதனைப் புகழ் என்பாரும் உளர். பழி என்பாரும் உளர். அவர் கொணர்ந்த சட்டம் வகுப்பறையில் ஆசிரியர் இன்னது சொல்லலாகாது என்று வரையறுத்த சட்டமாகும். ஆகவே, அவருடைய பொதுவாழ்வை எடைபோட்டுப் பார்ப்பது ஆசிரியர்க்கு அயலான செயலன்று.

பட்லர் உழுதுண்டு வாழ்ந்தவர். மேக்கன் வட்டாரத்துக் குடியானவர். பிரிமிடிவ் பாப்டிஸ்டு என்னும் பழமை பேணும் கிறித்தவப் பிரிவில் ஊன்றிய பற்றுடையவர். அப்பிரிவின் சபைக் கூட்டமைப்பு ஒன்றிற்கு எழுத்தராகவும் பணிபுரிந்தார். பல்கலைக்கழகம் சென்று திரும்பிய பெண்ணொருத்தி, இறைவன் மனிதனைப் படைக்கவில்லை, அவன் விலங்கினத்திலிருந்து வந்தவன் என்று நம்பத் தொடங்கியதாகப் போதகர் ஒருவர் சொன்ன செய்தி அவர் உள்ளத்தைத் தைத்தது. விவிலியமே நல்லாட்சியின் அடித்தளம். அதனை மறுக்கும் கல்வி நாட்டையே அசைத்துவிடும் என்று அவர் கருதினார். 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று மாநிலக் கீழவையில் உறுப்பினரானார். 1924இல் மீண்டும் வென்றார்.

1925 ஜனவரியில் அவர் தம் மசோதாவைக் கொணர்ந்தார். பொதுப்பணத்தால் நடைபெறும் பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பிற பள்ளிகள் ஆகிய எவற்றிலும், விவிலியம் கூறும் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று கற்பித்தல் குற்றம் என்றது அது. மீறும் ஆசிரியருக்கு 100 முதல் 500 அமெரிக்க வெள்ளி வரை தண்டம். கீழவையில் 71 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஐவரே. மேலவையில் 24 பேர் ஆதரித்தனர், அறுவர் எதிர்த்தனர். மார்ச் 21ஆம் நாள் ஆளுநர் ஆஸ்டின் பே கையொப்பமிட்டார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பரிணாமக் கொள்கைக்கு எதிராக நாடெங்கும் முழங்கிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, இச்சட்டத்தில் தண்டனை வேண்டாம் என்று டென்னசி மேலவை உறுப்பினர் ஒருவருக்கு எழுதியிருந்தார். ஆளுநரோ, இச்சட்டம் நடைமுறையில் எவர்மேலும் பாயாது என்னும் கருத்துப்படப் பேசினார். பாயாத சட்டத்துக்குப் பல் எதற்கு? அந்தப் பல்லும் பாடநூலைத் தேர்ந்தவர்களை நோக்கி நீளவில்லை. அதைக் கற்பித்தவரை நோக்கியே நீண்டது. டென்னசி மாநிலமே ஏற்று வழங்கியிருந்த ஹண்டரின் உயிரியல் பாடநூலில் பரிணாமம் இடம்பெற்றிருந்தது. அரசு கொடுத்த நூலை நடத்தினால் அரசே தண்டிக்கும் என்ற நிலையில் ஆசிரியர் நிறுத்தப்பட்டார்.

அந்நிலை 1925 ஜூலையில் டேட்டன் நகரில் வழக்காக மூண்டது. ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியர், சட்டத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பியவர்களின் வேண்டுகோளுக்கு இசைந்து குற்றவாளிக் கூண்டேறினார். அரசுத் தரப்பில் பிரையனும் எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோவும் வாதிட்டனர். செய்தி நிறுவனம் ஒன்றுக்கு எழுதும் பொருட்டுப் பட்லரும் அங்கு வந்திருந்தார். அறிவியல் வல்லுநர்களின் சாட்சியத்தை ஜூரிகள் கேட்க நீதிபதி இடந்தராதபோது, அவர்களைப் பேசவிடுவதே நேர்மை என்றார் பட்லர். பரிணாமம் என்றால் என்னவென்று தாமும் அறிய விரும்புவதாக அவர் சொன்னதும் செய்தியாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது.

அவருடைய பொதுவாழ்வின் பெருமையும் சிறுமையும் அந்த ஒரே விருப்பத்தில் அடங்கியுள்ளன. எதிர்த்தரப்புக்கும் செவிகொடுக்க விழைந்தது பெருமை. அவ்விருப்பம் சட்டத்துக்குப் பின்னர் எழுந்தது சிறுமை. மருந்தின் பெயரை மட்டும் கேட்டு அதனை நஞ்சென்று விலக்கும் வைத்தியரை எவர் ஏற்பர்?

அவர் அப்பாடநூலை ஊன்றிப் படித்திருந்தால் வேறொன்றும் கண்டிருப்பார். மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கி, வெள்ளையரை உச்சியில் வைத்த பகுதியும், குடிப்பிறப்பைச் சீர்செய்தல் என்ற பெயரில் எளியோரைப் பழித்த பகுதியும் அதில் இருந்தன. உண்மையில் கண்டிக்கத்தக்கவை அவையே. பட்லரின் சட்டம் அவற்றைத் தொடவில்லை. கற்றோரின் ஆய்வால் களையத்தக்க பிழையைச் சட்டத்தால் களைய முனைந்தால், பயிர் பிடுங்கப்பட்டுக் களை நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஸ்கோப்ஸுக்கு 100 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. 50 வெள்ளிக்கு மேற்பட்ட தண்டத்தை ஜூரிகளே விதித்தல் வேண்டும். நீதிபதி விதித்தது தவறு என்று 1927இல் மாநில உயர்மன்றம் அதனை நீக்கியது. ஆயினும் சட்டம் செல்லும் என்றது. தண்டம் போயிற்று; அச்சம் நின்றது. ஹண்டரின் நூல் 1926இல் புதுப்பதிப்பாக வந்தபோது பரிணாமம் என்ற சொல்லே அதில் இல்லை. மிசிசிப்பி 1926இலும், ஆர்கன்சா 1928இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. 1967இல் டென்னசி ஆசிரியர் ஒருவர் இச்சட்டத்தைக் காட்டிப் பணிநீக்கப்பட்டு, பின் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவ்வாண்டே சட்டம் நீக்கப்பட்டது. ஆர்கன்சா சட்டத்தை 1968இல் அமெரிக்க உச்சமன்றம் செல்லாதென்றது.

பட்லரையும் அவர் போன்றோரையும் அறிவிலிகள் என்று எள்ளி நகையாடுவது எளிது. 1955இல் மேடையேறி, 1960இல் திரைப்படமான ‘இன்ஹெரிட் தி விண்ட்’ நாடகம் அவ்வழியிலேயே பலரைச் செலுத்திற்று. அதில் ஆசிரியர் சிறையிலிருக்கிறார்; உண்மையில் ஸ்கோப்ஸ் சிறை சென்றதேயில்லை. நாடகத்துக்கு அவ்வுரிமை உண்டு, வரலாற்றுக்கு இல்லை. பட்லர் வஞ்சகர் அல்லர். பதவிக்காகச் சமயத்தை விற்றவரும் அல்லர். தம் பிள்ளைகள் தம்மைவிட்டு அகன்று போவார்களோ என்னும் பெற்றோரின் அச்சம் மெய்யான அச்சமே. அவ்வச்சத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றதும் குற்றமன்று. மக்களின் சார்பாளர் செய்யவேண்டிய கடமை அது.

குற்றம் அடுத்த அடியில் உள்ளது. ஒரு நூலைப் படியாமல், அதைக் கற்றவரைக் கேளாமல், கற்பிப்பவரைத் தண்டிக்கத் துணிந்ததே அது. நல்லெண்ணம் சட்டத்தின் பிழையைக் குறைப்பதில்லை. பட்லர் ஈரவைகளையும் வென்றது 1925 மார்ச்சு மாதத்தில். வல்லுநரைக் கேட்கவேண்டுமென்று நினைத்தது ஜூலை மாதத்தில். இடைப்பட்ட அந்த நான்கு திங்கள் முன்னுக்கு வந்திருந்தால், நாற்பத்திரண்டு ஆண்டுக்கால அச்சம் டென்னசி ஆசிரியர்க்கு நேர்ந்திராது.