கிராவல்: ஒரு சொல்லும் மூன்று பிரதிகளும்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடுவாஞ்சேரி – நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு டீக்கடை. கிரஷரில் லோடு ஏற்றிவிட்டு வந்த லாரி டிரைவர் ஒருவர் என் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்ளோ தம்பி இது?"

"இருபதாயிரம்ணா."

உண்மையான விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். யோசிக்காமல் பொய் வந்துவிட்டது. அவர் "இருபதாயிரமா!" என்று வாய் பிளந்ததும் இன்னும் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே காட்டாங்குளத்தூர் வரை மிதித்தேன். இந்தக் கட்டுரை அந்த யோசனையின் நீட்சிதான்.

அந்த சைக்கிளுக்குப் பெயர் கிராவல் பைக். டயர் 40 மில்லிமீட்டர் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதினைந்து வருடங்களில் இது ஒரு தனி உலகமாகிவிட்டது. அதற்கென்று ஒரு எழுத்தும் உருவாகியிருக்கிறது. அதன் சட்டகத்தை யாரும் ஊகித்துவிடலாம்: பிரான்சின் கிராமப்புறம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பாதை, பிறகு ஓக் மரக் காடு, மாலையில் ஒரு கோப்பை ஒயின். 1896ல் தொடங்கிய பாரிஸ்–தூர் பந்தயத்தில்கூட 2018லிருந்து திராட்சைத் தோட்டத்து மண்பாதைகளைச் சேர்த்துவிட்டார்கள். டிராக்டர் போக வர, அறுவடையை ஏற்றிப் போகப் போட்ட பாதைகள் அவை. அந்த எழுத்தில் டிராக்டரும் வராது, அறுவடைக்கு வந்த கூலி ஆட்களும் வரமாட்டார்கள். பாதை எப்போதும் காலியாகவே இருக்கும்.

எங்கள் பக்கம் திராட்சை கிடையாது. அதற்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். இங்கே இருப்பது வண்டலூர் பக்கத்துக் காப்புக்காடும், ஏரிக்கரைகளும், கீரப்பாக்கம் பக்கத்துக் கல் குவாரிகளும். ஆனால் 'கிராவல்' என்ற சொல் எங்களுக்குப் புதுசு இல்லை. அது எப்போதோ தமிழாகிவிட்டது. செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது 'கிராவல் மண் கடத்தல்' என்று வரும். மனையை மேடாக்க அடிப்பது கிராவல். 1863ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடாரி இந்தியத் தொல்பழங்காலத்தையே திறந்துவிட்டது. அது கிடைத்ததும் கிராவல் தோண்டிய ஒரு குழியில்தான். அதாவது எங்கள் ஊர்ப்பக்கம் கிராவல் என்றால் யாரோ தோண்டியது. தானாகவே அங்கே கிடந்தது இல்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு சைக்கிள் பற்றிய மூன்று பிரதிகளைத் திரும்பப் படித்தேன்.

2

முதலாவது டச்சு எழுத்தாளர் டிம் கிராபேயின் 'தி ரைடர்'. 1978ல் வெளிவந்த சிறிய நாவல். ஆங்கிலத்தில் 2002ல்தான் வந்தது. தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் நடக்கும் ஒரே ஒரு நாள் பந்தயம்தான் மொத்தக் கதையும். அத்தியாயங்களுக்குப் பதிலாகக் கிலோமீட்டர் கணக்கு. சைக்கிள் இலக்கியத்தின் உச்சம் என்று பலரும் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் சொன்னேன்.

அதன் நேர்மை எனக்கு இன்றும் பிடிக்கும். கிராபே இயற்கையை வர்ணிப்பதில்லை. மலை அவருக்குக் காட்சி இல்லை, தொடையில் ஏறும் வலி. எந்தப் பல்சக்கரத்தில் ஓட்டுவது, யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, எப்போது ஏமாற்றுவது, இவைதான் விஷயம். உடம்பைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு.

ஆனால் நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. பந்தயத்துக்கு முன் கதைசொல்லி சுற்றி இருப்பவர்களைப் பார்க்கிறான். சைக்கிள் ஓட்டாத அந்த மனிதர்களின் வாழ்க்கையின் வெறுமை அவனை அதிரச் செய்கிறது. புகழ்பெற்ற இடம் அது. கொஞ்சம் கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறார் என்று தெரியும். முதல்முறை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. வேலை, இ.எம்.ஐ., ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக் எல்லாவற்றிலிருந்தும் என்னை உயர்த்திக் காட்டியது. இப்போது படித்தால், அந்த டீக்கடை டிரைவர் ஞாபகம் வருகிறார். அவர் வாழ்க்கையில் வெறுமை எங்கே இருக்கிறது? அவர் வண்டியில் பத்து யூனிட் ஜல்லி இருக்கிறது.

ஓட்டுபவனின் வலி தேர்ந்தெடுத்த வலி. நாவல் அதை ஒரு நிமிடம்கூட மறைக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்காத வலி என்று ஒன்று அதே மலையில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அதில் இல்லை.

3

இரண்டாவது, ரோலான் பார்த். 1957ல் வெளியான 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் டூர் டி பிரான்ஸ் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அந்தப் பந்தயத்தை அவர் காவியமாக வாசிக்கிறார். நிலப்பரப்பே அதில் பாத்திரமாகிவிடுகிறது. வான்டூ மலை வீரர்களிடம் பலி கேட்கும் ஒரு தீய தெய்வம். அற்புதமான வாசிப்பு. நம் ஊரில் எல்லைச்சாமி தெரிந்த யாருக்கும் சட்டென்று புரியும்.

அதே தொகுப்பில் ஒயின் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது. ஒயின் எப்படி பிரெஞ்சு தேசத்தின் தொன்மம் ஆனது என்று ரசித்து ரசித்து எழுதிவிட்டு, கடைசியில் சட்டென்று திரும்புகிறார். அல்ஜீரியாவில் முஸ்லிம்களிடமிருந்து பிடுங்கிய நிலத்தில், ரொட்டிக்கே வழியில்லாத அவர்கள்மேல், அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு பயிர் சுமத்தப்பட்டிருக்கிறது. இதை மறந்தால்தான் ஒயின் கள்ளமற்ற இன்பமாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். தொன்மம் என்றால் உழைப்பையும் வரலாற்றையும் மறக்கவைப்பது. அந்தப் புத்தகத்தின் மையமே இதுதான்.

என் கேள்வி இதுதான்: ஒயின் கோப்பைக்குச் செய்ததை பார்த் ஏன் சாலைக்குச் செய்யவில்லை? திராட்சைக்குப் பின்னால் இருந்த கை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மலைச் சாலையின் கல்லுக்குப் பின்னால் இருந்த கை தெரியவில்லை. மலையைத் தெய்வமாக்கினால் அதை வெட்டிப் பாதை போட்டவன் காணாமல் போகிறான். தொன்மத்தை உடைக்க வந்தவரே, பிடித்த விளையாட்டு என்று வந்ததும் தொன்மத்துக்குள் கொஞ்சம் சுகமாக உட்கார்ந்துவிட்டார் என்றுதான் சொல்வேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

4

மூன்றாவது பிரதியை யாரும் சைக்கிள் இலக்கியப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' (1996) நூலில் வரும் புதுக்கோட்டை சைக்கிள் கட்டுரை. 1991ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் கல் குவாரியில் ஜல்லி உடைத்த பெண்களும் இருந்தார்கள்.

சாய்நாத் வர்ணிப்பதில்லை. கணக்குப் போடுகிறார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் எவ்வளவு மிச்சம், விளைந்ததை எத்தனை ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிகிறது, தண்ணீர்க் குடம் எப்படி வருகிறது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாட்டில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டினார்கள். பிறகு அதையே விரும்பவும் ஆரம்பித்தார்கள், ஏனென்றால் நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். 'சுதந்திரம்' என்ற சொல் சைக்கிள் எழுத்தில் எத்தனையோ முறை தேய்ந்துபோயிருக்கிறது. இங்கே அதற்கு ஒரு எடை இருக்கிறது. பாரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் எடை.

குறையும் இருக்கிறது. கிராபேயிடம் நிரம்பி வழியும் உடம்பு இங்கே குறைவு. முதல்நாள் விழுந்து முழங்கால் தோல் கிழிந்தது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வயிற்றைக் கவ்வியது, இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்? அந்தப் பெண்களில் ஒருத்தி தானே எழுதிய ஒரு 'ரைடர்' தமிழில் இல்லை. கிராபேயின் உடம்பும் சாய்நாத்தின் கணக்கும் சேர்ந்த ஒரு புத்தகம். நம் இலக்கியத்தில் உண்மையான காலியிடம் அதுதான். பிரெஞ்சு கிராமத்து ஞாயிற்றுக்கிழமையை காட்டாங்குளத்தூருக்கு மொழிபெயர்ப்பதால் அது நிரம்பாது.

5

என் ஆயா திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். ஒன்றரை இன்ச் ஜல்லி, முக்கால் இன்ச் ஜல்லி என்று கண்ணாலேயே அளவு சொல்வார். முக்காலுக்கு நேரம் அதிகம் ஆகும், கண்ணில் சில்லு தெறிக்கும். அளவுப் பெட்டி நிறைந்தால்தான் காசு. இடது கைக் கட்டைவிரல் நகம் கடைசிவரை சரியாக முளைக்கவில்லை. அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. மலைக்கு நடந்து போய் நடந்தே வந்தார்.

பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு கருங்கல். அந்தச் சாலையிலிருந்து எடுத்த மாதிரியான கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். முன்பெல்லாம் அந்தப் படத்தை ஃபோன் வால்பேப்பராக வைத்திருந்தேன். என்ன கல், யார் செதுக்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலைக்கு மேல் கல் தூக்கியவர் எங்கள் வீட்டிலேயே இருந்தும் கேட்டதில்லை.

டிரைவரிடம் விலையைக் குறைத்துச் சொன்னது பணிவு இல்லை. அவர் ஏற்றி வந்த ஜல்லி எனக்கு 'டெரெய்ன்' ஆகிவிட்டது என்பதை மறைக்கத்தான் சொன்னேன். அவருக்கு அது லோடு. என் ஆயாவுக்கு அது கூலி.

சைக்கிளை விற்கப் போவதில்லை. அடுத்த ஞாயிறும் ஓட்டுவேன், பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதையைப் பற்றி எதையாவது எழுதினால், அதைக் காலியான பாதையாக இனி எழுத முடியாது. அந்த டிரைவர் மறுபடி கண்ணில் பட்டால் சரியான விலையையும் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.